லோடாஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோடாஷ் என்பது அர்ரே, ஆப்ஜெக்ட், ஸ்ட்ரிங் வேலைகளுக்கான திறமூல ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. பிரவுசரிலும் நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) சர்வரிலும் ஒரே கோட் ஓடும். வழக்கமாகக் கால் தடுக்கும் இடங்களுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். கோடில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அண்டர்ஸ்கோரும் லோடாஷும் ஒன்றா?

ஒரே குடும்பம், இப்போது தனித்தனிக் குடித்தனம். ஜெரமி ஆஷ்கெனாஸ் 2009இல் அண்டர்ஸ்கோர் என்ற லைப்ரரியை வெளியிட்டார். அதிலிருந்து கிளை பிரித்து ஜான்-டேவிட் டால்டன் 2012இல் லோடாஷைத் தொடங்கினார். இரண்டுக்குமே குறி ஒரு அடிக்கோடுதான். ‘லோ டாஷ்’ என்றாலும் அந்தக் கோடுதான்.

பழைய அண்டர்ஸ்கோர் கோடை அப்படியே லோடாஷுக்கு மாற்றினால் ‘இது ஃபங்ஷனே இல்லை’ என்ற பிழை வரும். 2016 ஜனவரியில் வந்த 4.0 பதிப்பில் பல பழைய பெயர்களை எடுத்துவிட்டார்கள். ப்ளக் போய் மேப் வந்தது. கன்டெய்ன்ஸ் இன்க்ளூட்ஸ் ஆனது. எனி, ஆல் இரண்டும் சம், எவ்ரி ஆயின. கால்பேக்கை (நாம் கொடுத்து லோடாஷ் அழைக்கும் ஃபங்ஷன்) எந்த ‘திஸ்’ உடன் அழைக்க வேண்டும் என்று கூடுதல் மதிப்பாகக் கொடுக்கும் வசதியும் அதே பதிப்பில் நீங்கியது. இது பெயர் மாற்றத்தைவிட மோசம். பிழை எதுவும் காட்டாமல் ‘திஸ்’ மட்டும் தவறான இடத்தைச் சுட்டும்.

இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் இது தேவைதானா?

பாதிக்குமேல் தேவையில்லை. மேப், ஃபில்டர், ஃபைண்ட், இன்க்ளூட்ஸ், ஃப்ளாட், ஆப்ஜெக்ட்.என்ட்ரீஸ் எல்லாம் மொழியிலேயே இருக்கின்றன. கேள்விக்குறி-புள்ளி கொண்டு உள்ளே இறங்கும் வசதி 2020 தரத்தில் வந்தது. ஆப்ஜெக்ட்.குரூப்பை 2024 தரத்தில் வந்தது; நோட் 21 முதல் கிடைக்கும்.

டிபவுன்ஸ் (அழைப்புகள் ஓயும்வரை காத்திருந்து ஒருமுறை ஓட்டுவது), த்ராட்டில் (குறித்த இடைவெளிக்கு ஒருமுறைக்கு மேல் ஓடவிடாதது), இஸ்ஈக்வல், மெர்ஜ்வித், ஆர்டர்பை, சங்க் ஆகியவற்றுக்கு மட்டும் லோடாஷை வைத்துக்கொள்வது நியாயம். இவற்றைக் கையால் எழுதலாம். ஆனால் ஓரங்களில் வரும் நிலைகளைக் கவனித்து எழுத ஒரு நாள் போகும், அதைச் சோதிக்க இன்னொரு நாள் போகும். ஒரு அர்ரேயின் கடைசி உறுப்பை எடுக்க லோடாஷை இறக்குவதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.

ஒரே ஒரு ஃபங்ஷனைத்தான் எடுத்தேன். பண்டில் ஏன் 70 கிலோபைட் கூடியது?

பண்டில் என்பது பிரவுசருக்கு அனுப்பத் தொகுத்த கோப்பு; அதைத் தொகுக்கும் கருவி பண்ட்லர். நீங்கள் இறக்கியது முழு லைப்ரரி. நெளிவு அடைப்புக்குறிக்குள் டிபவுன்ஸ் என்று மட்டும் எழுதி ‘லோடாஷ்’ பொட்டலத்திலிருந்து இறக்கினாலும், அந்தப் பொட்டலம் காமன்ஜேஎஸ் (நோட்டின் பழைய மாட்யூல் முறை) வடிவில் ஒரே கோப்பாக இருப்பதால், பயன்படாததை வெட்டி எறிய பண்ட்லரால் முடியாது. மினிஃபை செய்த (இடைவெளி, கருத்துகளை நீக்கிச் சுருக்கிய) முழுக் கோப்பு சுமார் 70 கிலோபைட். ஜிஸிப் செய்தால் சுமார் 24.

வழி இரண்டு. ‘லோடாஷ்’ என்ற பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு ஃபங்ஷன் பெயரை எழுதி அந்தக் கோப்பை மட்டும் இறக்குவது ஒன்று. ‘லோடாஷ்-இஎஸ்’ பொட்டலத்துக்கு மாறுவது மற்றொன்று; அது இஎஸ் மாட்யூல் வடிவில் இருப்பதால் பண்ட்லர் தானே உதிர்த்துவிடும்.

இரண்டையும் ஒரே திட்டத்தில் கலக்காதீர்கள். நீங்கள் இஎஸ் வடிவத்தையும், நீங்கள் சேர்த்த வேறொரு பொட்டலம் பழைய வடிவத்தையும் இழுத்தால், ஒரே டிபவுன்ஸ் இரண்டு பிரதிகளாகப் பண்டிலில் உட்கார்ந்திருக்கும். பண்டிலைப் படமாகக் காட்டும் ஆய்வுக் கருவியை ஒருமுறை ஓட்டினால் தெரிந்துவிடும்.

‘லோடாஷ்.கெட்’, ‘லோடாஷ்.டெம்ப்ளேட்’ என்று புள்ளி வைத்த தனித்தனிப் பொட்டலங்களையும் என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலக் களஞ்சியம்) பார்க்கலாம். பார்க்கச் சிக்கனம், ஆனால் அவற்றில் பல ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாதவை, முதன்மை லைப்ரரிக்கு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றுக்கு வந்திருக்காது. புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

தேடல் பெட்டியில் டிபவுன்ஸ் போட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் சர்வருக்கு அழைப்பு போகிறதே?

டிபவுன்ஸ் என்ன செய்கிறது என்பதை எண்ணில் பாருங்கள். காத்திருப்பு 300 மில்லிவினாடி. பயனர் 0, 120, 240, 360ஆவது மில்லிவினாடிகளில் நான்கு எழுத்து அடிக்கிறார். ஒவ்வோர் எழுத்தும் காத்திருப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கிறது. கடைசி எழுத்துக்குப் பின் 300 கழிந்து, 660இல் ஒரே ஒரு அழைப்பு போகிறது. முந்தைய எழுத்து எப்போது வந்தது என்பது அதற்குத் தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். அந்த நினைவு, டிபவுன்ஸ் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்குள் இருக்கிறது.

நிகழ்வுக் கையாளிக்குள்ளேயே டிபவுன்ஸை அழைத்தால், எழுத்துக்கு ஒரு புது ஃபங்ஷன் பிறக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி டைமர். நான்கு அழைப்பும் போகும், 300 தாமதமாகப் போகும், அவ்வளவுதான். ரியாக்டில் இதே நோய் வேறு முகத்தில் வரும்: காம்பொனென்ட் உடலில் டிபவுன்ஸ் எழுதினால் ஒவ்வொரு ரெண்டருக்கும் புதிது உருவாகும். யூஸ்மெமோ அல்லது யூஸ்ரெஃப் கொண்டு ஒருமுறை மட்டும் உருவாக்குங்கள். காம்பொனென்ட் நீங்கும்போது அதன் கேன்சலை அழைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மறைந்துபோன திரைக்கு விடை வந்து சேரும்.

டிபவுன்ஸ் செய்த ஃபங்ஷன் திருப்பித் தருவது *முந்தைய* ஓட்டத்தின் விடையை. முதல்முறை அது அன்டிஃபைண்ட், அதாவது மதிப்பே இல்லை. எனவே அதற்கு முன்னால் அவெய்ட் போட்டுப் புது விடைக்குக் காத்திருப்பதில் பொருள் இல்லை. வேலையை உள்ளே இருக்கும் ஃபங்ஷனிலேயே முடியுங்கள்.

தானாகச் சேமிக்கும் வசதிக்கு எது சரி, டிபவுன்ஸா த்ராட்டிலா?

டிபவுன்ஸ், ஆனால் மேக்ஸ்வெயிட் விருப்பத்துடன். பயனர் நிறுத்தாமல் பத்து நிமிடம் எழுதினால் வெறும் டிபவுன்ஸ் அந்தப் பத்து நிமிடமும் எதையும் சேமிக்காது. காத்திருப்பு 1000, மேக்ஸ்வெயிட் 5000 என்று வைத்தால் எழுதிக்கொண்டே இருந்தாலும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை சேமிக்கும். தாவல் மறையும் நிகழ்வில் ஃப்ளஷ் அழையுங்கள் (காத்திருக்கும் அழைப்பை உடனே ஓட்டுவது அது). இல்லையேல் கடைசி வரி டைமரிலேயே தங்கி, தாவலோடு சேர்ந்து போய்விடும்.

த்ராட்டில் உள்ளுக்குள் இதே டிபவுன்ஸ்தான். மேக்ஸ்வெயிட்டும் காத்திருப்பும் சமமாக வைக்கப்பட்ட வடிவம். ஸ்க்ரோல், சுட்டி நகர்வு போன்றவற்றுக்கு 100 மில்லிவினாடி போதும். இயல்பில் முதல் அழைப்பு உடனே ஓடும். இடையில் வந்தவற்றில் கடைசி அழைப்பும் காலம் முடிந்ததும் ஓடும். இரண்டாவது ஓட்டம் வேண்டாமென்றால் ட்ரெய்லிங்கை அணைக்க வேண்டும்.

சோதனை எழுதுவோருக்கு: டிபவுன்ஸ் டைமரை மட்டும் நம்புவதில்லை, கடிகாரத்தையும் பார்க்கிறது. டைமரை மட்டும் போலியாக்கி கடிகாரத்தை நகர்த்தாத ஜெஸ்ட் சோதனைக் கருவியின் பழைய முறையில் சோதனை தொங்கிவிடும். ஜெஸ்ட் 27 முதல் இயல்பாக உள்ள புதிய போலி டைமர் இரண்டையும் சேர்த்து நகர்த்துகிறது.

சர்வரில் டிபவுன்ஸ், மெமோயிஸ் பயன்படுத்தலாமா?

பிரவுசரில் ஒரு தாவலுக்கு ஒரு பயனர். சர்வரில் ஒரே புரோசெஸ் எல்லாருக்கும். மாட்யூல் மட்டத்தில் டிபவுன்ஸ் செய்து வைத்த ‘அறிவிப்பு அனுப்பு’ ஃபங்ஷனை 300 மில்லிவினாடிக்குள் மூன்று பயனருக்காக அழைத்தால், மூன்றாமவருக்கு மட்டும் அறிவிப்பு போகும். முதல் இருவரின் மதிப்புகளும் மேலெழுதப்பட்டுப் போயிருக்கும். பிழைப் பதிவில் ஒரு வரிகூட இருக்காது.

மெமோயிஸ் என்பது ஒருமுறை கண்ட விடையைச் சேமித்து மீண்டும் தருவது. அதில் பொறி மூன்று. முதலாவது: சாவியாக அது எடுப்பது முதல் மதிப்பை மட்டும். இரண்டு எண்ணைப் பெருக்கும் ஃபங்ஷனை மெமோயிஸ் செய்து, 3, 4 கொடுத்தால் 12. அடுத்து 3, 5 கொடுத்தாலும் 12! சாவியை உருவாக்கும் ஃபங்ஷனை இரண்டாவதாகக் கொடுக்க வேண்டும். அடுத்தது: அதன் நினைவகத்துக்கு எல்லை கிடையாது. பயனர் எண்ணைச் சாவியாக்கி நாள்கணக்கில் ஓடும் சர்வரில் விட்டால் ரேம் ஏறிக்கொண்டே போகும். ‘கேஷ்’ பண்பில் எல்லை உள்ள ஒன்றை நீங்களே பொருத்தலாம். கெட், செட், ஹேஸ் இருந்தால் போதும். மூன்றாவது: அசிங்க் ஃபங்ஷனை மெமோயிஸ் செய்தால் தோல்வியடைந்த ப்ராமிஸும் (பின்னர் வரும் விடைக்கான ஆப்ஜெக்ட்) சேமிப்பில் தங்கும். டேட்டாபேஸ் ஒரு வினாடி படுத்து எழுந்தாலும், அந்தச் சாவிக்குப் புரோசெஸ் மறுதொடக்கம் ஆகும்வரை தோல்விதான். தோல்வியில் அந்தச் சாவியை நீக்கும் வரியைச் சேருங்கள்.

மெர்ஜ் செய்தபின் அமைப்புக் கோப்பில் பழைய மதிப்புகள் ஏன் மிஞ்சுகின்றன?

மெர்ஜ் அர்ரேகளை இட எண் வாரியாகச் சேர்க்கிறது. இயல்பு அமைப்பில் போர்ட்கள் 80, 443. உங்கள் அமைப்பில் 8080 மட்டும். சேர்த்தால் கிடைப்பது 8080, 443. முதல் இடம் மாறியது, இரண்டாம் இடத்துக்கு உங்களிடம் ஒன்றும் இல்லாததால் பழையது நின்றுவிட்டது. மூடியதாக நினைத்த போர்ட் திறந்தே இருக்கும்.

மெர்ஜ்வித் எடுத்துக்கொண்டு, வரும் மதிப்பு அர்ரே என்றால் அதையே திருப்பித் தரும் ஃபங்ஷனைக் கொடுங்கள். மற்றவற்றுக்கு அன்டிஃபைண்ட் தந்தால் வழக்கமான சேர்க்கை நடக்கும். அப்படித் திருப்பிய அர்ரே நகல் எடுக்கப்படாது, மூலமும் அதுவும் ஒன்றே என்பது நினைவிருக்கட்டும்.

கூடவே இரண்டு: மெர்ஜ் தன் முதல் ஆப்ஜெக்டையே மாற்றிவிடும், எனவே முதலில் ஒரு வெற்று ஆப்ஜெக்ட் வையுங்கள். வரும் மதிப்பு அன்டிஃபைண்ட் என்றால் இருப்பதை அழிக்காது. நல் (வேண்டுமென்றே வைத்த வெற்று மதிப்பு) என்றால் அழித்துவிடும்.

குளோன்டீப், ஸ்ட்ரக்சர்ட்குளோன், ஜேசன் வழி: எதை எடுப்பது?

ஜேசனாக்கித் திரும்பப் படிக்கும் வழியில் தேதி ஸ்ட்ரிங் ஆகிவிடும், அன்டிஃபைண்ட் காணாமல் போகும், மேப்பும் செட்டும் வெற்று ஆப்ஜெக்ட் ஆகும், தன்னையே சுட்டும் ஆப்ஜெக்டில் பிழை எறியும். வெறும் எண்ணும் எழுத்தும் உள்ள தரவுக்கு மட்டும் போதும்.

பிரவுசரிலும் நோட்டிலும் உள்ளமைந்து வரும் ஸ்ட்ரக்சர்ட்குளோன் (நோட் 17 முதல்) தேதி, மேப், செட், சுழல் சுட்டல் எல்லாவற்றையும் சரியாக நகலெடுக்கும். உள்ளே எங்காவது ஒரு ஃபங்ஷன் இருந்தால் பிழை எறியும். கிளாஸிலிருந்து உருவான ஆப்ஜெக்டைச் சாதாரண ஆப்ஜெக்டாக்கிவிடும், மெத்தட்கள் போய்விடும்.

குளோன்டீப் ப்ரோட்டோடைப்பை (ஆப்ஜெக்ட் தன் மெத்தட்களைப் பெறும் மூலம்) காப்பாற்றும். உள்ளே இருக்கும் ஃபங்ஷனை நகலெடுக்காமல் அதே சுட்டலை வைத்துக்கொள்ளும், பிழை எறியாது. கிளாஸ் ஆப்ஜெக்ட்களை நகலெடுக்க வேண்டியிருந்தால் இது. மற்றபடி ஸ்ட்ரக்சர்ட்குளோன் போதும்.

கெட்டில் இயல்பு மதிப்பு கொடுத்தும் நல் வருகிறது.

கெட் என்பது ஆப்ஜெக்டுக்குள் பாதை வழியே இறங்கி மதிப்பை எடுக்கும் ஃபங்ஷன். அதன் இயல்பு மதிப்பு அன்டிஃபைண்டுக்கு மட்டும்தான். டேட்டாபேஸிலிருந்து நல் வந்தால் நல்லே திரும்பும். மொழியிலுள்ள இரட்டைக் கேள்விக்குறி இரண்டையும் பிடிக்கும். எனவே கெட்டை நீக்கி அதற்கு மாற்றும்போது, இதுவரை நல் வந்த இடத்தில் இனி இயல்பு மதிப்பு வரும். பெரும்பாலும் அதுதான் வேண்டியதும். ஆனாலும் மாற்றம் மாற்றம்தான்.

5 என்ற எண்ணை இஸ்எம்ப்டி ஏன் ‘வெற்று’ என்கிறது?

உறுப்புகள் இருக்கின்றனவா என்பதைத்தான் அது பார்க்கிறது. எண்ணுக்கும் ட்ரூ, ஃபால்ஸுக்கும் உறுப்பே இல்லை, எனவே வெற்று. படிவத்தில் வயது நிரப்பப்பட்டதா என்று சோதிக்க இதைப் பயன்படுத்தினால் 5 மட்டுமல்ல, எந்த வயதை எண்ணாகக் கொடுத்தாலும் ‘நிரப்பவில்லை’ என்றே சொல்லும்.

ஃபார்ஈச் பாதியில் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை.

லோடாஷின் ஃபார்ஈச்சில் கால்பேக் ஃபால்ஸ் திருப்பினால் சுற்று அங்கேயே முடியும். மொழியிலுள்ள ஃபார்ஈச்சில் இப்படி இல்லை. அடைப்புக்குறி இல்லாத ஒருவரி அம்புக்குறி ஃபங்ஷன்தான் இங்கே குற்றவாளி. ஒரு செட்டிலிருந்து பட்டியலில் உள்ளவற்றை நீக்குகிறீர்கள் என்று வையுங்கள். செட்டின் டிலீட், நீக்க எதுவும் இல்லாதபோது ஃபால்ஸ் தரும். அம்புக்குறி அதை அப்படியே திருப்பும். பட்டியலில் மூன்றாவது பெயர் செட்டில் இல்லையென்றால் நான்காவதிலிருந்து எதுவும் நீங்காது. உடலை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்தால் சரியாகிவிடும்.

ஒரு பெட்டியின் அளவுகளை வைத்திருக்கும் ஆப்ஜெக்டில் ‘லென்த்’ 5, ‘விட்த்’ 2 என்றிருந்தால் இன்னொரு விநோதம் நடக்கும். லென்த் என்ற பெயரில் முழு எண்ணைப் பார்த்ததும் லோடாஷ் அதை அர்ரே போன்றது என்று எடுத்துக்கொண்டு, 0 முதல் 4 வரை ஐந்து முறை சுற்றி ஐந்து முறையும் அன்டிஃபைண்ட் தரும். விட்த் வரவே வராது. இதற்கு ஃபார்ஓன்.

தமிழ்ப் பெயர்களை சார்ட்பை தவறாக வரிசைப்படுத்துகிறதே?

சார்ட்பையும் ஆர்டர்பையும் எழுத்துகளின் யூனிகோட் எண்ணை ஒப்பிடுகின்றன. யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். அதனால் மரம், மலர், மனம் என்று வர வேண்டிய வரிசை, மனம், மரம், மலர் என்று வரும்.

மொழியிலுள்ள இன்டல்.கொலேட்டரைத் தமிழ் மொழிக்குறியுடன் உருவாக்கி, அதன் கம்பேர் ஃபங்ஷனைச் சாதாரண சார்ட்டுக்குக் கொடுங்கள். சார்ட்பை ஒப்பிடும் ஃபங்ஷனை ஏற்காது, எனவே இங்கே லோடாஷ் உதவாது. சார்ட் மூல அர்ரேயையே கலைக்கும் என்பதால் நகலெடுத்துச் செய்யுங்கள். நோட் 13க்கு முந்தைய சாதாரண நிறுவல்களில் ஆங்கிலம் தவிர்த்த மொழித் தரவு இருக்காது.

எண்ணிக்கையிலும் இதே கதை. ‘தமிழ்’ என்பதற்கு சைஸ் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மூன்று என்று வேண்டுமானால் இன்டல்.செக்மென்டர். ட்ரங்கேட்டும் இப்படித்தான் எண்ணுகிறது. இயல்பு நீளம் 30, முடிவில் சேரும் மூன்று புள்ளியும் அதற்குள் அடக்கம். வெட்டு நடுவில் விழுந்தால் ‘மி’ வெறும் ‘ம’ ஆகிவிடும். செபரேட்டராக இடைவெளியைக் கொடுத்தால் சொல் எல்லையில் வெட்டும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ‘கொ’வை யுனிக் ஏன் இரண்டாக வைக்கிறது என்றும் கேட்கிறார்கள். ஒன்று ஒற்றை ஒகரக் குறியோடு, மற்றது கொம்பும் காலும் தனித்தனியாக உள்ளிடப்பட்டது. உள்ளே வரும்போதே நார்மலைஸ் மூலம் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும்) வடிவுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. எந்தப் பதிப்பு போதும்?

4 வரிசையில் கிடைக்கும் ஆகப் புதிய பதிப்பை எடுங்கள்; 4.17.21 (2021 பிப்ரவரி) மட்டும் இப்போது போதாது. 4.17.21க்கு முந்தையவற்றில் மெர்ஜ், டிஃபால்ட்ஸ்டீப், ஸிப்ஆப்ஜெக்ட்டீப் ஆகியவற்றில் அடுத்தடுத்து ஒரே வகைக் குறை வந்தது. வெளியிலிருந்து வரும் ஜேசனில் ‘__ப்ரோட்டோ__’ என்ற சாவி இருந்தால், சேர்க்கும் ஃபங்ஷன் அதன் வழியே இறங்கி எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான மூல ப்ரோட்டோடைப்பையே மாற்றிவிடும். ‘நிர்வாகியா’ என்ற பண்பு அங்கே ஒட்டிக்கொண்டால், அந்தப் பண்பைத் தனியாக வைத்திராத ஒவ்வோர் ஆப்ஜெக்டும் நிர்வாகிதான்.

நீங்கள் புதுப்பித்தும் எச்சரிக்கை போகவில்லையென்றால், வேறு பொட்டலத்துக்கு அடியில் பழைய பிரதி கிடக்கிறது. என்பிஎம்மின் எல்எஸ் கட்டளைக்கு லோடாஷ் என்ற பெயரைக் கொடுத்தால் யார் இழுக்கிறார்கள் என்று மரமாகக் காட்டும். பேக்கேஜ் ஜேசனில் ஓவர்ரைட்ஸ் பகுதியிட்டுப் பதிப்பைக் கட்டாயப்படுத்தலாம். யார்னில் அதற்குப் பெயர் ரெசொல்யூஷன்ஸ். 4 வரிசைக்குள் இது பெரும்பாலும் சிக்கலின்றி நடக்கும். 3ஐக் கேட்கும் பொட்டலத்துக்கு 4ஐத் திணித்தால் முதல் கேள்வியில் சொன்ன பெயர்ப் பிழைகள் எழும்.

டெம்ப்ளேட் ஃபங்ஷன் உள்ளூரில் ஓடுகிறது, வெளியிட்டதும் ஓடவில்லை.

டெம்ப்ளேட் ஸ்ட்ரிங்கை ஓடும் நேரத்தில் ஃபங்ஷனாக்குகிறது. தளத்தின் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை, ஸ்ட்ரிங்கிலிருந்து கோட் உருவாக்குவதைத் தடுத்திருந்தால் பிரவுசர் மறுத்துவிடும். கொள்கையைத் தளர்த்தாதீர்கள், கட்டமைக்கும் கட்டத்திலேயே டெம்ப்ளேட்டைத் தொகுத்துவிடுங்கள். பயனர் எழுதிய ஸ்ட்ரிங்கை டெம்ப்ளேட்டாகக் கொடுப்பது, அவர் கையில் உங்கள் சர்வரைக் கொடுப்பதற்குச் சமம். குறிகளையும் கவனியுங்கள்: சதவீதக் குறிக்குப் பின் சமக்குறி வந்தால் மதிப்பு அப்படியே போகும், சிறுகோடு வந்தால்தான் எச்டிஎம்எல் குறிகள் மாற்றப்படும்.

செயின் எழுதினேன், விடைக்குப் பதில் ஏதோ ஒரு ஆப்ஜெக்ட் வருகிறது.

இறுதியில் வேல்யூ அழைக்கவில்லை. அதை அழைக்கும்வரை எந்தப் படியும் ஓடாமல் இருக்கலாம். இந்தத் தாமதத்தில் ஒரு நன்மை உண்டு: பெரிய அர்ரேயில் மேப், ஃபில்டர், டேக் என்று அடுக்கினால் இடைநிலை அர்ரேகள் இல்லாமல், தேவையான எண்ணிக்கை கிடைத்ததும் நின்றுவிடும். பண்டில் அளவு முக்கியமென்றால் செயினைத் தவிர்க்கவும். அது முழு லைப்ரரியையும் இழுத்து வரும்.

சிடிஎன்னிலிருந்து நேரே இறக்கலாமா?

சிடிஎன் என்பது கோப்புகளை வழங்கும் பொதுச் சர்வர் வலை. சிறிய பக்கத்துக்குத் தாராளமாக. பதிப்பு எண்ணை மூன்று பகுதியும் சேர்த்து எழுதுங்கள். ஸ்கிரிப்ட் டேகில் இன்டக்ரிட்டி ஹேஷையும் க்ராஸ்ஆரிஜினையும் சேருங்கள். அதே பக்கத்தில் அண்டர்ஸ்கோரும் இருந்தால் இரண்டும் அடிக்கோட்டுக்குச் சண்டை போடும். நோகான்ஃப்ளிக்ட் அழைத்து லோடாஷை வேறு பெயரில் வைத்துக்கொள்ளலாம்.

உரிமம் என்ன? வணிகத் திட்டத்தில் சேர்க்கலாமா?

எம்ஐடி உரிமம், சேர்க்கலாம். பதிப்புரிமை அறிவிப்பும் உரிம வாசகமும் பிரதியோடு போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மினிஃபையர் கருத்துகளை நீக்கும்போது அதையும் நீக்கிவிடாதபடி, உரிமங்களைத் தனிக் கோப்பாக எடுக்கும் அமைப்பை இயக்குங்கள்.

பழைய திட்டத்திலிருந்து லோடாஷை எடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் எந்த ஃபங்ஷன் எத்தனை இடத்தில் என்று தேடி எண்ணுங்கள். அர்ரே மட்டுமே வருவது உறுதியான மேப், ஃபில்டர் இடங்களை முதலில் மாற்றுங்கள். ‘உறுதியான’ என்பதை அழுத்திச் சொல்கிறோம்: லோடாஷின் மேப்புக்கு நல் கொடுத்தால் வெற்று அர்ரே தரும், மொழியிலுள்ள மேப்பை நல்லின் மீது அழைத்தால் நிரல் விழும். இத்தனை நாள் அமைதியாக விழுங்கப்பட்ட நல்கள் எல்லாம் அந்த வாரத்தில் வெளியே வரும். அடுத்து கெட், அதன்பின் குளோன்டீப். மெர்ஜையும் இஸ்ஈக்வலையும் கடைசியில் தொடுங்கள், சோதனைகள் இருந்தால் மட்டும். டிபவுன்ஸ் ஒன்றுதான் மிச்சம் என்றால், அதைத் தனிக் கோப்பாக இறக்கி அப்படியே விட்டுவிடலாம்.